வைரவர் வளவில் எடுத்த படம்

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த வளவில் முனி உலாவுகிறது என்று எனக்குச் சொன்னது அம்மாதான். போகிற போக்கில் சொன்ன கதையல்ல அது. எந்த நேரம் உலாவும், எந்த மரத்தில் இறங்கும், வேலியைத் தாண்டி வருகிற சின்னப் பிள்ளைகளை என்ன செய்யும் என்று, பாடம் எடுப்பதுபோல் ஒழுங்காகச் சொன்னார். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் பேய்க் கதைக்கு இடமிருக்கவில்லை. பேயைக் காட்டிப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிற தாய்மாரை அம்மா முகத்துக்கு நேரே கண்டிப்பார். அப்படிப்பட்டவர், எனக்குப் பதினொரு வயது நடந்த எண்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஒரே நாளில் முனியை நம்பத் தொடங்கினார். அதில் எனக்குப் புதினம் எதுவும் தெரியவில்லை. அம்மா நம்பினார், ஆகவே நானும் நம்பினேன்.

மருதனார்மடத்துக்கு வடக்கே, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் ஓடும் ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். மற்றபடி வீட்டில் அம்மா, அம்மாவின் தங்கையான சின்னம்மா, நான் மூன்று பேர்தான். அம்மாவும் சின்னம்மாவும் தென்மராட்சியில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்த மாமா சவுதியில் இருந்தார். அவர் போனபோது எனக்கு எட்டு வயது. உப்பிய கன்னமும் மழித்த முகமும் வாசனை எண்ணெய் பூசிய தலையுமாக என் நினைவில் இருந்தார். அவருடைய கடிதங்களை அம்மா வாசித்துக் காட்டுவார். எனக்கென்று எப்போதும் நாலு வரி இருக்கும்.

பின்வளவில் ஒரு கல்வீடு இருந்தது. சொந்தக்காரர் எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு ஜேர்மனிக்குப் போகும்போது திறப்பை எங்களிடம் தந்துவிட்டுப் போயிருந்தார்கள். வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு வேம்பு; அதன் அடியில் வைரவர் சூலம். அதனால் ஊரில் அதை வைரவர் வளவு என்பார்கள். முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சின்னம்மா வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள்ளால் போய் விளக்கு வைத்துவிட்டு வருவார். ஆவணிக்குப் பிறகு தினமும் போனார். கையில் மூடிய கோப்பை ஒன்று இருக்கும். கேட்டால், வைரவருக்குப் படையல் என்பார். செவ்வாய், வெள்ளியில் மரக்கறி, மற்ற நாட்களில் மீன் வாசம் வரும். வைரவரும் எங்களைப் போலத்தான் சாப்பிடுகிறார் என்று எனக்கு அவரில் ஒரு பிரியம் உண்டாயிற்று.

ஆனால் அந்த வீட்டில் எனக்குப் பயம்தான். மத்தியான வெயிலில் ஒழுங்கையே ஓய்ந்து கிடக்கும்போது, ஆளில்லாத அந்தக் கிணற்றின் துலா கிறீச்சிடும். ஒருமுறை பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. துலாக் கயிறு மட்டும் நுனி நனைந்து, சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் மூடிய வீட்டுக்குள்ளே யாரோ இருமினார்கள். இருமலை அமுக்கிக்கொண்டு இருமுகிற இருமல். ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"நான் சொன்னனான்தானே," என்றார்.

அந்த நாட்களில்தான் வாசிகசாலையில் புகைப்பட வகுப்பு தொடங்கினார்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட மாணவர் யாரும் சேரலாம் என்று கரும்பலகையில் எழுதியிருந்தது. நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவில் வேலை செய்த எங்களூர் இளைஞர் ஒருவர் சனிக்கிழமைகளில் வந்து படிப்பித்தார். மீசை சரியாக முளைக்காத அவரை மாஸ்ரர் என்று கூப்பிட முதல் நாள் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. சேர்ந்தது ஆறு பேர். அதில் பெண்பிள்ளைகள் நானும் இன்னொருத்தியும்தான். படம் கழுவுவதற்கு இருட்டறைக்குள் போக வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அம்மா என்னை அனுப்ப மறுத்துவிட்டார். நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்ததில், சின்னம்மா துணைக்கு வந்து நிற்பது என்று முடிவாயிற்று. ஆகவே வகுப்பில் நாங்கள் ஆறு பேரும் வெளிச்சத்தைப் பற்றிப் படிக்க, சின்னம்மா மூலையில் கதிரை போட்டு வாரப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருப்பார்.

மூன்று சனிக்கிழமை கமராவைத் தொடவே விடவில்லை மாஸ்ரர். மட்டையில் சதுரமாக ஓட்டை வெட்டி, அதற்குள்ளால் ஊரைப் பார்க்கச் சொன்னார். எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்பதுதான் முதல் பாடம். தள்ளிவிடத் தெரியாதவனுக்குப் படம் எடுக்கத் தெரியாது என்றார். பிறகு கமரா வந்தது. இரண்டு கண் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்த பழைய பெட்டிக் கமரா. அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்து, தலை மூடியைத் திறந்து, குனிந்து பார்க்க வேண்டும். உள்ளே தேய்த்த கண்ணாடியில் உலகம் சின்னதாக அசையும். ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். வலப்பக்கம் போகிற சைக்கிள் கண்ணாடியில் இடப்பக்கம் போகும்.

கமராவுக்குள் வெளிச்சம் போகிற ஓட்டையின் எண்களைப் படிப்பிக்கத்தான் மாஸ்ரர் பெரும்பாடு பட்டார். எண் கூடினால் ஓட்டை சின்னது என்பது எங்கள் தலையில் ஏறவில்லை.

"வெயிலுக்குள்ளை வரேக்கை கண்ணைச் சுருக்கிப் பாக்கிறியளெல்லே? அப்பதானே தூரத்திலை வாறது ஆரெண்டு தெரியுது. கமராவும் அப்பிடித்தான். இருபத்திரண்டிலை வைச்சால் கண்ணை நல்லாச் சுருக்குது. முன்னுக்கு நிக்கிறதும் துலக்கம், பின்னுக்கு நிக்கிறதும் துலக்கம். ஆனால் வெளிச்சம் காணாது. அதாலை கூட நேரம் திறந்து வைக்க வேணும்."

பின்னுக்கு நிற்பதும் துலக்கம் என்ற அந்த வார்த்தை எனக்கு மந்திரம்போல் பிடித்துவிட்டது.

மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் படம் எடுக்கப் படிக்கிறேன், சவுதியில் கமரா மலிவாமே, ஒன்று வாங்கி அனுப்புங்கள் என்று. அம்மா கடிதத்தை வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாளே பதில் வந்தது. சவுதித் தபால் எவ்வளவு வேகம் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். கமரா கட்டாயம் வரும், அதுவரை நன்றாகப் படி என்று மாமா எழுதியிருந்ததாக அம்மா வாசித்தார். "முதலில் அசையாத பொருட்களை எடுத்துப் பழகு. வீடு, கிணறு, மரம். ஆட்களைப் பிறகு எடுக்கலாம்."

ஒரு பிலிம் சுருளில் பன்னிரண்டு படம். ஆறு பேருக்கும் ஆளுக்கு இரண்டு. ஒவ்வொருவரும் கமராவை ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். எனக்கு வந்த நாள் நவராத்திரி தொடங்கிய நாள். பின்னேரம் அம்மாவும் சின்னம்மாவும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள நான். மழைக்கு இருட்டிக்கொண்டு நின்றது வானம். வீடு, கிணறு, மரம் என்று மாமா சொன்ன மூன்றும் ஒரே இடத்தில் வைரவர் வளவில்தான் இருந்தன. போகக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்தான். ஆனால் நான் இப்போது வெறும் சின்னப் பிள்ளையல்ல, மாணவி என்று எனக்கே சொல்லிக்கொண்டு பொட்டுக்குள்ளால் நுழைந்தேன்.

கமராவை நிறுத்த மூன்றுகால் இல்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல் இருந்தது. அதன்மேல் வைக்கலாம் என்று போனால், கல் நனைந்திருந்தது. மழை இன்னும் தொடங்கவில்லை. சவர்க்கார நுரை கல்லின் இடுக்கில் உடையாமல் இருந்தது. என் பாவாடையால் கல்லைத் துடைத்தேன். துடைக்கும்போது பயம் வரவில்லை. கல் ஏன் நனைந்தது என்று யோசிக்கவே இல்லை. கமரா நனையக்கூடாது என்ற ஒரே நினைப்பு.

குனிந்து பார்த்தேன். கண்ணாடியில் வீடு வடிவாக விழுந்தது. நடுவில் கதவு, இரு பக்கமும் ஒவ்வொரு யன்னல், ஓரத்தில் வேம்பு. பாடத்தை மறந்துவிடாமல் இருக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாகத் திருகினேன். "வெளிச்சம் குறைவு. பின்னுக்கும் துலக்கமாய் வேணும். இருபத்திரண்டு. அரைச் செக்கன்." அப்போது கண்ணாடியில், இடப்பக்கத்து யன்னலில், ஏதோ அசைந்தது. பூச்சி ஊர்வது போலத்தான் இருந்தது. சட்டென்று தலையை நிமிர்த்தி இடப்பக்க யன்னலைப் பார்த்தேன். அது இறுக்கிச் சாத்தியிருந்தது. மறுபடி குனிந்தேன். கண்ணாடியில் அது இருந்தது. வெளிறிய ஒரு சின்னப் பொட்டு. மறுபடி நிமிர்ந்தேன். சாத்திய யன்னல். கண்ணாடிக்குள் இருப்பது வெளியே இல்லை. இடம் வலம் மாறித் தெரியும் என்று படித்தது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. வலப்பக்க யன்னலை நான் பார்க்கவேயில்லை.

ஓடியிருக்க வேண்டும். ஆனால் கை நெம்பை அழுத்திவிட்டது. கமரா அரைச் செக்கன் மூச்சு இழுத்துவிட்டு மூடியது. பிறகுதான் ஓடினேன்.

வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போனது தெரிந்துவிடும். மிச்சமிருந்த ஒரு படத்தில் சின்னம்மாவை மாமரத்தடியில் நிறுத்தி எடுத்தேன். அவர் கண்ணை மூடிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மாஸ்ரர் பிலிமைக் கழுவிக் கொண்டுவந்திருந்தார். நெகற்றிவ்வில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் இருக்கும் அல்லவா. நான் எடுத்த கல்வீட்டின் வெள்ளைச் சுவர் கரியாகி, யன்னல்கள் வெளிச்சமாகி இருந்தன. வலப்பக்க யன்னலில் ஒரு கறுப்புத் துணுக்கு. தூசி என்று ஊதினேன். போகவில்லை.

வாசிகசாலையின் பின்னறைதான் இருட்டறை. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு நடுவில் மேசை, யன்னலில் சாக்கு, சிவப்புக் கடதாசி சுற்றிய பல்ப். மூன்று பீங்கான் தட்டுகளில் படத்தை வரவைக்கும் மருந்து, தண்ணீர், வந்த படத்தை நிலைக்கவைக்கும் ஹைப்போ. வெளியே பகல் பதினொரு மணி. சைக்கிள் மணியும் யாரோ செய்தி வாசிக்கும் வானொலியும் கேட்டன. உள்ளே எங்கள் மூன்று பேரின் கைகளும் இரத்தத்தில் தோய்த்தவை போல் இருந்தன. சின்னம்மா எனக்குப் பின்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாஸ்ரர் நெகற்றிவ்வுக்குள்ளால் வெளிச்சம் காட்டிய கடதாசியை என்னிடம் தந்தார். மருந்துக்குள் இறக்கி, தட்டின் விளிம்பைப் பிடித்து மெதுவாக ஆட்டினேன்.

"முதல் வாறது கறுப்பு. பொறுத்துப் பாருங்கோ," என்றார்.

வெறும் கடதாசியில் முதலில் கதவு கறுத்தது. வேம்பின் நிழல் வந்தது. இடப்பக்க யன்னல் அழுக்குப் போல் படர்ந்தது. வலப்பக்க யன்னலில் வேறு மாதிரி. அங்கே முதலில் இரண்டு புள்ளிகள் வந்தன. பயறு அளவுகூட இல்லை. அவற்றுக்குக் கீழே ஒரு கோடு. முகம் இன்னும் இல்லை, கண்களும் வாயும் மட்டும் மருந்துக்கு அடியில் மிதந்துகொண்டு என்னைப் பார்த்தன. பிறகு சுற்றிலும் யன்னலின் இருட்டு ஏறிவர, நடுவில் வெள்ளையாக விட்டுப்போன இடம் முகமாயிற்று. கன்னம் ஒட்டி, தாடி மண்டிய முகம். ஒரு கை யன்னல் கம்பியைப் பிடித்திருந்தது.

என் தோளில் சின்னம்மாவின் விரல்கள் இறுகின. நான் கத்துவதற்குள் அவர் என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்துவிட்டார். பதினொரு மணி வெயில் முழுவதும் உள்ளே வந்து விழுந்தது. தட்டில் கிடந்த கடதாசி எங்கள் கண்முன்னாலேயே சாம்பலாகி, கரியாகி, முழுக்கறுப்பாகிப் போயிற்று.

"ஐயோ அக்கா! என்ன வேலை பாத்தீங்கள்!"

"மூச்சு முட்டிப் போச்சுத் தம்பி," என்றார் சின்னம்மா. உண்மையில் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல், பிள்ளையின் நெகற்றிவ்வை வீட்டுக்குக் கொண்டுபோகலாமோ என்று கேட்டார். கலைமகள் விழா முடியும்வரை ஒன்றும் தர முடியாது, எல்லோருடைய படத்தையும் வாசிகசாலையில் காட்சிக்கு வைக்கப் போகிறோம் என்றார் மாஸ்ரர். சின்னம்மா அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

திரும்பி வரும்போது சின்னம்மா சைக்கிள் மிதிக்க, நான் பின் கரியரில் இருந்தேன்.

"சின்னம்மா, கண்டனீங்களோ?"

அவர் ஒழுங்கை முடக்கில் சைக்கிளை நிறுத்தி இறங்கினார்.

"ஓம் பிள்ளை, கண்டனான். முனிதான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. உந்தப் படத்தை இனித் தொடவும் கூடாது. முனியைப் படம் பிடிச்ச கைக்கு நல்லதில்லை."

அவருடைய முகத்தில் ஒரு சொட்டு இரத்தம் இல்லை. பெரியவர்களும் முனிக்கு இப்படிப் பயப்படுவார்களா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

திங்கட்கிழமை பின்னேரம், தலைக்கடகத்தை இறக்கிய மீன்காரர் ஒருவர் எங்கள் பின்பக்கத்தில் நின்று அம்மாவோடு கதைத்தார். நவராத்திரி விரதத்தில் மீன் எதற்கு என்று நான் கேட்டபோது அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நாள் சின்னம்மா காய்ச்சல் என்று படுத்தார். படையல் போவது நின்றது. கிணற்றடிக் கல் காய்ந்து வெளுத்தது. வைரவருக்கு இனிப் போதும் என்றார் அம்மா.

அடுத்த சனிக்கிழமை சின்னம்மா எழும்பவில்லை. மற்றப் பெண்பிள்ளையின் தாய் துணைக்கு நிற்பார் என்று சொல்லி நான் மட்டும் போனேன். மாணவர் எல்லோரும் ஒரு படமாவது மாட்ட வேண்டும். என்னிடம் இருந்ததோ கண்மூடிய சின்னம்மாவும் முனியும். மாஸ்ரரிடம் பயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பேய் பிலிமிலை விழாது பிள்ளை. வெளிச்சம் பட்டுத் திரும்பி வந்தால்தான் விழும். வெளிச்சம் படுகிறதெண்டால் அது சதையும் எலும்புமாய் நிக்கிற ஒண்டு."

அப்படிச் சொன்னவர், யன்னலை மட்டும் பெரிதாக்கிப் பார்ப்போம் என்று தானே ஆசைப்பட்டார். முகம் தேசிக்காய் அளவுக்கு வந்தது. பெரிதாக்கப் பெரிதாக்க அது மணல்மணலாக உதிர்ந்தது. அரைச் செக்கனுக்குள் அசைந்ததில் ஒரு கன்னம் கலைந்திருந்தது. கண் இருந்த இடத்தில் இரண்டு குழிகள்.

கலைமகள் விழாவன்று காட்சியில் மற்றவர்களின் கோயில் கோபுரத்தையும் வாழைக்குலையையும் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் என் படத்துக்கு முன்னால்தான். மற்ற மாணவர் அதற்குக் கீழே "வைரவர் வளவு முனி" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தும் சனம் வந்தது. ஒரு கிழவர் விபூதி எடுத்துப் படத்துக்கே பூசினார். யார் எடுத்தது என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முன்னால் போய் நின்றேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

அடுத்த நாள் இரண்டு மணியளவில் இரண்டு இளைஞர் வந்தார்கள். எங்களூர்க்காரர் அல்ல. ஆயுத இயக்கங்கள் ஒன்றையொன்று தேடிய காலம் அது. இப்படி வருகிறவர்களை யார் என்று கேட்பதில்லை. ஒருவர் படலையடியில் சைக்கிளோடு நின்றுகொண்டார். உள்ளே வந்தவரின் கையில் என் படம் இருந்தது. நாலு மூலையிலும் குண்டூசி ஓட்டை.

"அக்கா, உந்தப் படம் எடுத்தது ஆர்?"

அம்மா வாயைத் திறக்கும் முன் நான் சொல்லிவிட்டேன். "நான்தான் அண்ணை."

"தங்கச்சியோ? கெட்டிக்காரிதான். எப்ப எடுத்தனீங்கள்?"

"நவராத்திரி தொடங்கின அண்டைக்குப் பின்னேரம். இருபத்திரண்டிலை வைச்சு அரைச் செக்கன்."

"உதிலை நிக்கிறது ஆர்?"

"முனி."

அவர் சிரிக்கவில்லை. என் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். எனக்கு மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. பிறகு படத்தை அம்மாவிடம் நீட்டினார்.

"நீங்கள் சொல்லுங்கோ அக்கா. ஆளைத் தெரியுமோ?"

அம்மா படத்தை வாங்கி, வெளிச்சமான பக்கம் போய், கடிதம் வாசிப்பதுபோல் கிட்டப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு விரல் படத்தின்மேல் மெல்லப் போய்வந்தது.

"தெரியேல்லைத் தம்பி," என்றார். "நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆரும் களவெடுக்க வந்த ஆளாக்கும்."

கல்வீட்டின் திறப்போடு சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சின்னம்மா திறந்துவிட்டார். உள்ளே பாயில்லை, கோப்பையில்லை. தூசியும் இல்லை. ஆளில்லாத வீட்டில் இவ்வளவு துப்பரவு எப்படி என்று கேட்டார் படத்தோடு வந்தவர். நவராத்திரிக்குக் கூட்டிக் கழுவினேன் என்றார் சின்னம்மா. நான் கிணற்றடியில் நின்றேன். வலப்பக்க யன்னல் திறந்தது. அந்த இளைஞர் உள்ளே வந்து நின்று, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தார். படத்தில் இருந்த அதே இடம், அதே கை. பின்னால் இருட்டு, நடுவில் வெளிறிய முகம். அந்த வளவில் எனக்கு வந்த பயங்களில் எல்லாம் பெரியது அதுதான். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே உள்ளே இருந்த சின்னம்மாவிடம் சொன்னது கிணற்றடிவரை கேட்டது.

"இதிலை நிண்டால் கிணத்தடி மட்டும்தான் தெரியுது. உந்தப் பிள்ளையைப் பாக்கத்தான் ஆள் வந்து நிண்டிருக்கு."

நெகற்றிவ் எங்கே என்று கேட்டார்கள். காட்சி முடிந்து மாஸ்ரர் தந்ததை நான் கணக்குக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருந்தேன். ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். விரல் படாமல் ஓரத்தில் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்தேன்.

"நாளைக்கு வருவம்," என்றார் போகும்போது. "உங்கடை குடும்பப் படங்கள் எல்லாம் எடுத்து வையுங்கோ. ஒருக்காப் பாக்க வேணும்."

தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி, எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள் நடந்து தென்மராட்சிக்குப் போனபோதுதான் சின்னம்மா எனக்கு எல்லாம் சொன்னார். மாமா சவுதிக்குப் போகவே இல்லை. ஓர் இயக்கத்துக்குப் போயிருந்தார். அந்த இயக்கத்தை வேறொன்று உடைத்தபோது தப்பி, ஆவணியில் ஒருநாள் மெலிந்து தாடியோடு வந்து சேர்ந்தார். இரண்டு மாதம் அந்தக் கல்வீட்டில் இருந்து எங்கள் சோற்றைச் சாப்பிட்டார். என் கடிதங்களுக்குப் பதில் எழுதினார். யன்னலண்டை போகாதே என்று சொல்லி வைத்திருந்தார்கள். கிணற்றடியில் நான் எண்களை வாய்விட்டுச் சொல்வது கேட்டு, மூன்று வருடம் காணாத என்னைப் பார்க்க ஒரேயொரு தரம் வந்து நின்றிருக்கிறார். இருட்டறையிலிருந்து வந்த அன்றே சின்னம்மா அவரிடம் சொன்னார். திங்கட்கிழமை வந்த மீன்காரர் அவரைக் குருநகருக்குக் கூட்டிப் போனார். புதன்கிழமை படகு ஏறினார். அந்தப் படகு அக்கரை சேர்ந்ததா என்று சொல்ல இன்றுவரை ஒருவரும் வரவில்லை.

"நான் படம் எடுக்காட்டி?" என்று கேட்டேன்.

"எடுக்காட்டி அண்ணை அதுக்குள்ளையே இருந்திருப்பார். பிறகு அவங்கள் வந்திருப்பாங்களோ என்னவோ. நானும் எத்தினையோ தரம் யோசிச்சுப் பாத்திட்டன் பிள்ளை," என்றார் சின்னம்மா.

இதெல்லாம் பிறகு அறிந்தது. அந்த இளைஞர்கள் நாளைக்கு வருவோம் என்று சொல்லிப் போன அன்று பின்னேரம் எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மா அலுமாரியிலிருந்து அல்பங்களை இறக்கி மேசையில் வைத்தார். கையில் கத்தரிக்கோல். மாமா சவுதியிலிருந்து தன்னுடைய படங்களைக் கேட்டிருக்கிறார், வெட்டி அனுப்ப வேண்டும் என்றார். முதல் படத்திலேயே வெட்டு வளைந்து போயிற்று. எனக்குக் கோபம் வந்தது. படத்தை இப்படி வெட்டுவார்களா? மிச்சம் நிற்கிறவர்களுக்குச் சுற்றிலும் இடம் விட வேண்டாமா?

"அப்ப நீயே வெட்டு," என்று கத்தரிக்கோலை என்னிடம் தள்ளிவிட்டு, சின்னம்மாவின் பக்கத்தில் போய் இருந்தார்.

அடிமட்டம் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். திருவிழாவில் நிற்கும் மாமா, என்னைத் தூக்கி வைத்திருக்கும் மாமா, பள்ளிக்கூட அணியில் மூன்றாவதாக நிற்கும் மாமா. ஒவ்வொருவராக வெட்டி எடுத்து, கலையாமல் அடுக்கினேன். அந்த வகுப்பில் படித்ததை முழுதாகப் பயன்படுத்தியது அன்றைக்குத்தான். அடுக்கிய துண்டுகளைச் சின்னம்மா குசினிக்குள் அடுப்படிக்குக் கொண்டுபோனார். கடித உறை அங்கேயா இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அடுத்த படத்தை எடுத்தேன்.

கடைசியாக இருந்தது அம்மாவின் கலியாணத்தன்று எடுத்தது. கூறைச்சேலையோடு அம்மா, பக்கத்தில் மாமா. அவருடைய கை அம்மாவின் தோளில் கிடந்தது. ஆளை வெட்டி எடுத்துவிட்டேன். கையை எடுப்பதானால் அம்மாவின் தோளும் சேர்ந்து போய்விடும்.

"அம்மா, கை மட்டும் மிஞ்சுது. என்ன செய்ய?"

"அது கிடக்கட்டும்."

"படம் பழுதம்மா. ஆளில்லாமல் கை நிண்டால் பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?"

அம்மா படத்தை என்னிடமிருந்து வாங்கி, அல்பத்தின் மூலைகளுக்குள் திரும்பவும் செருகினார். அடுத்த நாள் அந்த இளைஞர்கள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. படம் மட்டும் அப்படியே இருந்தது: சிரிக்கிற மணப்பெண், அவள் தோளில் எங்கிருந்தோ வந்து பிடித்திருக்கும் நாலு விரல்கள். அல்பத்தைத் திறந்தபோதெல்லாம் என் வேலையில் விட்ட குறையாக அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை வரட்டும், இப்படி மிஞ்சுகிற கையை அடையாளமில்லாமல் அழிக்க என்ன வழி என்று மாஸ்ரரிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.